கலட்டி மைதானத்தின் பெயர்

அத்தியாயம் 14

விடிந்ததிலிருந்து பொன்னம்பலத்தார் வாய் திறக்கவில்லை.

வழமையில் இறைப்பு மிசினைத் தானே முடுக்கி, தண்ணீர் முதல் பாத்திக்குப் போய்ச் சேரும்வரை வாய்க்காலோடு கூடவே நடப்பவர். அன்று அதைக் கூலிக்கு வந்தவனிடம் விட்டுவிட்டு, வெங்காயக் கொட்டிலுக்குள் போய் நின்றார். போன போகத்து வெங்காயம் விலைப்படாமல் பிடி பிடியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பிடியாய் நசித்துப் பார்ப்பதும், அழுகினதைக் கழற்றிக் கீழே போடுவதுமாய் இருந்தார். கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்ற மகன் தியாகலிங்கம், அதைக் கண்டும் காணாதவன்போல் துவாயை உதறினான்.

பின்னேரம் வளர்பிறைக் கழகத்தின் கூட்டம். அதுதான் காரணம்.

போன கிழமை உதைபந்தாட்ட லீக்கிலிருந்து வந்தவர்கள் ஈச்சங்கலட்டி மைதானத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். மாரியில் சரிந்த கிழக்கு மதில் சரிந்தபடியே கிடந்தது. பாதியில் நின்றுபோன பார்வையாளர் படிக்கட்டுகளிலிருந்து கம்பிகள் கறள் பிடித்து நீட்டிக்கொண்டிருந்தன. கூரையில்லாத மண்டபத்துக்குள் யாரோ ஆடு கட்டியிருந்தார்கள். வந்தவர்கள் மரியாதையாகத் தேத்தண்ணி குடித்துவிட்டு, மரியாதையாகவே சொன்னார்கள்: மதில் எழும்பாவிட்டால் இங்கே பெரிய ஆட்டம் ஒன்றும் தர ஏலாது; வளர்பிறைக் கழகம் வருகிற பருவத்தில் இரண்டாம் பிரிவில்தான் ஆட வேண்டும்.

அவர்கள் போன கையோடு யாழ்ப்பாணப் பட்டணத்திலிருந்து சோமசேகரத்தின் கார் வந்தது. ஊரைவிட்டுப் போய்ப் பெரிய கடைக்காரனாகிவிட்ட மனிதர். மதிலைத் தானே கட்டித் தருவதாகவும், மண்டபத்துக்கு ஓடு போட்டுத் தருவதாகவும், பெடியளுக்குப் புதுச் சப்பாத்து வாங்கித் தருவதாகவும் சொன்னார். கேட்டது ஒன்றே ஒன்று. வாசல் வளைவில் இருக்கும் பெயரை எடுத்துவிட்டு, செத்துப்போன தன் தகப்பனின் பெயரை எழுத வேண்டும்.

வளைவில் இருந்த பெயர் கனகலிங்கம். பொன்னம்பலத்தாரின் மூத்த மகன். தியாகலிங்கத்தின் அண்ணை.

அதைப்பற்றித்தான் இன்று வாக்கெடுப்பு.

*

தியாகலிங்கம் குசினிக்குள் எட்டிப் பார்த்தான். அம்மா மீனாம்பிகை பிட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா தேத்தண்ணி குடிச்சவரே, அம்மா?"

"வைச்சது வைச்சபடி கிடக்குது. நீ உதிலை இரு."

பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவள் மாவிலிருந்து கையை எடுக்காமலே கேட்டாள்.

"பின்னேரம் கூட்டத்திலை கப்டன் எண்டு உனக்கும் ஒரு கை இருக்குதெல்லே?"

"ஓம்."

"சோமசேகரத்தின்ரை பக்கம் தூக்கு."

தனக்குக் காது பிழைத்துவிட்டதென்றுதான் அவன் முதலில் நினைத்தான்.

"அம்மா, அது அண்ணையின்ரை பேர்."

"பேர் வைச்சவள் நான். எனக்குத் தெரியாதோ?"

மாக் குழைத்த கை நின்றது. வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சனிக்கிழமையிலை ஸ்பீக்கர் கட்டிக் கத்துறாங்கள், 'கனகலிங்கத்திலை இண்டைக்கு ஆட்டம், கனகலிங்கத்துக்கு வாருங்கோ' எண்டு. நான் இஞ்சை அடுப்படியிலை இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறன். அவனைக் கூப்பிடுற மாதிரிக் கிடக்கும். ஆட்டம் முடிஞ்சால் ரோட்டு முழுக்க ரிக்கற். அவன்ரை பேர் அடிச்ச துண்டு. சனம் மிதிச்சு, மாடு சாணி போட்டு... ஞாயிற்றுக்கிழமை விடிய, வாசல் ஒழுங்கை கூட்டுற சாட்டிலை போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவன்."

"என்ன செய்யிறனீங்கள் அதை?"

"என்ன செய்யிறது? அடுப்பிலைதான் வைக்கிறது." அவள் அடுப்பைப் பார்த்தாள். "ஒருக்கால் எரிச்ச பிள்ளையைக் கிழமைக்குக் கிழமை எரிக்கிறன், தியாகு. இனி ஏலாது என்னாலை."

தியாகலிங்கமும் அடுப்பைப் பார்த்தான். இத்தனை வருஷமாக ஞாயிறு காலையில் அம்மா ஒழுங்கை கூட்டுவதை அவன் பார்த்திருக்கிறான். துப்புரவு பார்க்கிற மனுஷி என்று நினைத்ததோடு சரி.

"ஐயாவிட்டைச் சொல்லுங்கோவன்."

"அந்த மனுசன் உந்தப் பேரைப் பிடிச்சுக்கொண்டுதான் எழும்பி நடந்தது. அதை விடுங்கோ எண்டு நான் எந்த வாயாலை சொல்லுறது?"

"அப்ப நான் மட்டும்?"

மீனாம்பிகை கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொண்டாள். மாவைத் திரும்பவும் பிசையத் தொடங்கினாள். அவன் எழும்பும்போது மட்டும், முகத்தை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"நான் சொன்னனான் எண்டு அவருக்குத் தெரியவேண்டாம், மோனை."

*

கனகலிங்கம் செத்தபோது தியாகலிங்கத்துக்குப் பதின்மூன்று வயது.

அந்தக் காலத்தில் ஈச்சங்கலட்டி உண்மையிலேயே கலட்டிதான். கல்லும் நாயுருவியும். ஊர்ப் பெடியள் இரண்டு பூவரசந்தடியை ஊன்றிக் கோல் கம்பம் ஆக்கி, வெறுங்காலோடு பந்தடித்தார்கள். கனகலிங்கம் ஒருநாள் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடிக் கல்லில் விழுந்தான். முழங்கால் கிழிந்தது. யார்தான் அதைப் பெரிதாய் எடுத்தார்கள்? கோப்பித்தூளை அப்பிவிட்டு அடுத்தநாளும் விளையாடப் போனான். அந்தக் கிழமை கழிந்து ஒருநாள் சாப்பாட்டில் உட்கார்ந்தவனுக்கு வாய் திறபடவில்லை. ஏற்பு; காயத்தால் ஏறின நஞ்சு. பெரியாஸ்பத்திரியில் தங்களால் இயன்றதெல்லாம் செய்தார்கள். உடம்பு வில்லாய் வளைந்தபடி போய்ச் சேர்ந்தான்.

அதுவரை பொன்னம்பலத்தார் ஓர் ஆட்டங்கூடப் பார்த்தவரில்லை. "உந்தப் பந்தடிச்சு என்னத்தைக் காணப்போறாய்?" என்று மூத்தவனை ஏசினது மட்டுந்தான் அவருக்கும் பந்துக்கும் இருந்த சம்பந்தம்.

பிறகு காலம் மாறியது. வெளிநாட்டு வெங்காயமும் செத்தல் மிளகாயும் வரவிடாமல் அரசாங்கம் மறித்தது. உரும்பிராய் தொட்டு எங்கும் செம்பாட்டுத் தறைகளில் வெங்காயம் பொன்னாய் விளைந்தது. படலையடியில் கொழும்பு லொறிகள் இராப்பகலாய்க் காத்து நின்றன. பக்கத்து வீடுகளில் மேல்மாடி எழும்பியது. மகளின் சீதனத்துக்குக் கொக்குவிலில் காணி வாங்கினவரும் உண்டு. பொன்னம்பலத்தார் யாரும் வேண்டாத கலட்டியை வாங்கிக் கழகத்தின் பெயரில் எழுதிக் கொடுத்தார். வெடிவைத்துக் கல் உடைத்தார். செம்மண் பறித்துப் பரவினார். புல் பதித்து, அதற்கு இறைக்கத் தனியாகக் கிணறு வெட்டினார். கடைசியாகச் சுற்றிவர மதிலும், இரும்புக் கேற்றும், கேற்றுக்கு மேலே சீமெந்து வளைவும்.

'கனகலிங்கம் நினைவு மைதானம்.'

ஒரு மதில் என்னவெல்லாம் செய்யும் என்று ஊருக்கு அப்போதுதான் தெரிந்தது. மதில் இருந்தபடியால் ரிக்கற் விற்கலாம். ரிக்கற் விற்றபடியால் பெடியளுக்குச் சப்பாத்து வந்தது, சேட்டு வந்தது. தரை நல்லதென்பதால் லீக் பெரிய ஆட்டங்களை இங்கே தந்தது. பெரிய ஆட்டம் நடக்கிற இடத்தில் விளையாட ஆருக்குத்தான் ஆசையில்லை? அளவெட்டியிலிருந்தும் கொக்குவிலிலிருந்தும் கெட்டிக்காரர்கள் தாங்களாகவே தேடி வந்தார்கள். பெயர் தெரியாத வளர்பிறைக் கழகம் குடாநாட்டுக் கேடயத்தை எடுத்தது. அன்று கோல் காத்து நின்றவன் தியாகலிங்கம். வென்ற கேடயத்தைப் பொன்னம்பலத்தார் வாங்கி, வளைவுக்குக் கீழே நின்று மேலே தூக்கிக் காட்டினார். சனத்துக்கு அல்ல.

எழுபத்தேழில் ஆட்சி மாறியது. துறைமுகம் திறந்தது. கப்பல் கப்பலாக வெங்காயம் வந்திறங்கியது. படலையடிக்கு லொறி வராமல் போனது. படிக்கட்டுக்கு வைத்த கம்பி மழையில் நின்றது. மதில் விழுந்ததும் சனத்தில் பாதி காசு கொடுக்காமல் இடைவெளியால் நுழைந்தது. ரிக்கற் காசு காணாது, சப்பாத்து இல்லை. தேடி வந்தவர்கள் வந்த வழியே பட்டணத்துக் கழகங்களுக்குப் போனார்கள். ஒருத்தன் துபாய்க்குப் போனான். மிஞ்சினது ஊர்ப் பெடியளும் தியாகலிங்கமுந்தான்.

*

பத்து மணிபோலத் தியாகலிங்கம் சைக்கிளை எடுத்துக்கொண்டு பட்டணத்துக்குப் போனான். ஐயாவுக்கும் நோகாமல் அம்மாவுக்கும் நோகாமல் ஒரு வழி இருக்கும், அது சோமசேகரத்திடம் இருக்கும் என்று அவன் மனம் சொல்லியது.

பெரியகடைத் தெருவில் சோமசேகரத்தின் கடை வாசல்வரை மூட்டை. கப்பலில் வந்த பம்பாய் வெங்காயம். ஒவ்வொன்றும் சின்னத் தேசிக்காய்க்கு மேலே பருமன். மூட்டைகளுக்கு நடுவால் உடம்பை ஒடுக்கிக்கொண்டுதான் உள்ளே போகவேண்டியிருந்தது.

"வா தம்பி, இரு. சோடா குடிப்பியே?" சோமசேகரம் கதிரையைக் காட்டினார். முழுக்கைச் சேட்டு, நெற்றியில் சந்தனம். முகத்தில் கள்ளமில்லை.

"வேண்டாம் அண்ணை. ஒரு விஷயம் கேட்டுப் போக வந்தனான். மண்டபத்துக்கு உங்கடை ஐயாவின்ரை பேரை வைப்பம். பெரிசாய், பார்த்தவுடனே தெரியிற மாதிரி. ரிக்கற்றிலையும் ஸ்பீக்கரிலையும் அந்தப் பேரே வரட்டும். வாசலை மட்டும் விட்டுத் தாங்கோ."

சோமசேகரம் மேசையில் இருந்த பேனையை எடுத்து நேராக வைத்தார்.

"என்ரை ஐயா உந்தக் கலட்டியிலை ஆடு மேய்ச்சவர். தெரியுமோ உனக்கு? ஆரின்ரையோ ஆட்டை. ஊரிலை ஒரு கலியாண வீட்டிலை அவரைப் பந்தியிலை இருத்தினது கிடையாது. நான் காசு உழைச்ச நேரம் பாத்து அவர் கண்ணை மூடிப்போட்டார். அந்தக் கலட்டி வாசலிலை அவரின்ரை பேரைப் பாக்க எனக்கு ஆசை. அது பிழையோ?"

"பிழை எண்டு சொல்லேல்லை."

"உன்ரை ஐயா என்ன செய்தவர்? தன்ரை ஆற்றாமைக்கு ஒரு மதில் கட்டினார். நல்லது. நானும் அதைத்தான் செய்யப்போறன். அவருக்கு இப்ப ஏலாது, எனக்கு ஏலும். அவ்வளவுதான் வித்தியாசம்."

கோபப்பட ஒரு சொல்லாவது கிடைக்காதா என்று தியாகலிங்கம் தேடினான். கிடைக்கவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சுகமாயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு எழும்பினான்.

"நில்லு தம்பி, இன்னொண்டு. கொழும்பிலை இருந்து பயிற்சியாளர் ஒருவர் வெள்ளிக்கிழமை வாறார். கூடவே நாலைஞ்சு விளையாட்டுக்காரரும். ஆர் ஆர் ஆடுறது, ஆர் கப்டன் எண்டதெல்லாம் அவர்தான் பாப்பார். நான் அதிலை தலையிடமாட்டன். உனக்கு முதலே சொல்லிப்போட வேணும் எண்டு நினைச்சனான்."

"அவரோடை கோல் கீப்பரும் வாறாரோ?"

"வாறார்," என்றார் சோமசேகரம். அதற்காக வருத்தப்படுகிற குரலில்தான் சொன்னார்.

*

திரும்பி வரும்போது மைதானத்தடியில் சைக்கிளை நிறுத்தினான். விழுந்த மதிலின் இடைவெளியால் உள்ளே பெடியள் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. வலதுபக்கம் ஆடுகிற கந்தசாமியின் சப்பாத்து வாய் பிளந்து, இறப்பர் பட்டியால் சுற்றிக் கட்டியிருந்தது. மற்றவன் ஒருவன் வெறுங்கால். புல் செத்த இடங்களில் அடியிலிருந்த கல் மேலே கிளம்பத் தொடங்கியிருந்தது. நாலு வருஷத்துக்கு முன் அடியில் கல் இருக்கிறதென்றே யாருக்கும் நினைவிருக்கவில்லை.

வெறுங்காலன் பந்தை எடுக்கச் சறுக்கினான். எழும்பினபோது முழங்கையைப் பார்த்தான். துடைத்துவிட்டு ஓடினான்.

தியாகலிங்கம் அதற்குமேல் பார்க்கவில்லை.

*

கூட்டம் கூரையில்லாத மண்டபத்தில்தான். ஆட்டை அவிழ்த்து வெளியே கட்டிவிட்டு, இருப்பதற்கு வாங்குகளைப் போட்டிருந்தார்கள். பொன்னம்பலத்தார் வெளுத்த வேட்டியும் சால்வையுமாக நேரத்துக்கு வந்து, தலைவர் கதிரையில் உட்கார்ந்தார். மகனைப் பார்க்கவுமில்லை, பாராமல் விடவுமில்லை. அவர் பார்வையில் தியாகலிங்கம் தன் பக்கம் இருப்பவன். அதைக் கேட்டு உறுதிசெய்ய வேண்டிய தேவையே அவருக்கு இருக்கவில்லை.

செயலாளர் சிவக்கொழுந்து மாஸ்ரர், சோமசேகரம் கேட்டதை எழும்பி நின்று சொன்னார். சொல்லி முடித்து, இருமிவிட்டு உட்கார்ந்தார்.

"நான் கனக்கக் கதைக்கப்போறதில்லை," என்றார் பொன்னம்பலத்தார். "மதிலை நான் கட்டித் தருவன். வாற போகம் விலை கொஞ்சம் நிமிந்தால் போதும். கட்டினவனுக்குத் தெரியும் எப்பிடிக் கட்டுறதெண்டு."

பின்வரிசை வாங்கிலிருந்து கந்தசாமி எழும்பினான். கையைப் பிசைந்தான்.

"விலை நிமிராட்டில், ஐயா?"

பொன்னம்பலத்தார் அவனை ஏசுவார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் ஏசவில்லை. "நிமிராட்டில்..." என்று தொடங்கிவிட்டு, சால்வையால் முகத்தைத் துடைத்தார்.

"கை தூக்கிப் பாப்பமே, அண்ணை?" என்றார் மாஸ்ரர் மெதுவாக.

பெயர் அப்படியே இருக்கட்டும் என்றவர்கள் முதலில் தூக்கினார்கள். வயதுபோனவர்கள். கலட்டியில் வெடி வைத்தபோது கூட நின்றவர்கள். அவர்களோடு தியாகலிங்கத்தின் கை எழும்பவில்லை. பொன்னம்பலத்தார் அதைக் கவனித்தார். பெடியன் யோசனையில் இருக்கிறான் என்று எண்ணியவர்போல், "தியாகு," என்றார் தணிந்த குரலில், பள்ளிக்கு நேரமாகிவிட்டதென்று எழுப்புகிறவரைப்போல.

தியாகலிங்கம் குனிந்தபடி இருந்தான்.

"மாத்த வேணும் எண்டுறவை?"

பெடியள் தூக்கினார்கள். மாஸ்ரர் எண்ணினார். இரண்டு பக்கமும் சரிபாதி. தூக்காமல் இருந்தது ஒரே ஒருவன்.

அந்த நேரத்தில் அவன் மனதில் என்ன இருந்தது என்று பிறகு எத்தனையோ தரம் தன்னைத்தானே கேட்டிருக்கிறான். அம்மாவின் மாப் படிந்த கையா, கந்தசாமியின் பிளந்த சப்பாத்தா, முழங்கையைத் துடைத்துவிட்டு ஓடினவனா? ஒன்றும் தெளிவாய் இருக்கவில்லை. வெள்ளிக்கிழமையோடு இந்தக் கோலில் தான் நிற்கப்போவதில்லை என்பது மட்டும் தெரிந்திருந்தது. கை எழும்பியது. பந்து பிடித்துக் காய்த்த, பெருவிரல் வளைந்த கை.

மண்டபத்துக்கு வெளியே ஆடு கத்தியது.

பொன்னம்பலத்தார் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மாஸ்ரரிடம் திரும்பினார்.

"நிறைவேறிச்சுது எண்டு எழுதும்."

மடியிலிருந்து கேற்றுப் பூட்டின் திறப்பை எடுத்து மேசையில் வைத்தார். எழும்பினார். படியிறங்கப் போனவர் நின்றார்.

"கொஞ்சம் சுண்ணாம்பும் ஒரு ஏணியும் வேணும்."

"இண்டைக்கே என்னத்துக்கு அண்ணை? சோமசேகரத்தார் ஆள் அனுப்புவார்."

"கூலிக்கு வாறவன்ரை கையாலை அது அழிபட வேண்டாம். நான் எழுதுவிச்சது. நான் அழிக்கிறன்."

*

ஏணி வந்தது. வாளியில் சுண்ணாம்பு கரைத்தார்கள். கூட்டத்துக்கு வந்தவர்கள் போவதா நிற்பதா என்று தெரியாமல் தூரத்தில் ஒதுங்கி நின்றார்கள். பொன்னம்பலத்தார் சால்வையைக் கழற்றிக் கேற்றில் போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டினார். ஏணி செம்மண்ணில் நிலைகொள்ளாமல் ஆடியது.

"ஏணியைக் கொஞ்சம் பிடிக்கிறீங்களே?"

வேறு யாரிடமோ சொல்கிறார் என்று நினைத்துத் தியாகலிங்கம் பின்னால் திரும்பிப் பார்த்தான். பின்னால் ஒருவருமில்லை.

ஐயா அவனை ஒருநாளும் 'நீங்கள்' என்றதில்லை. 'டேய்' என்பார், 'தியாகு' என்பார், கோபம் வந்தால் 'மாடு' என்பார். கேடயம் எடுத்த அன்று 'என்ரை சிங்கன்' என்றார். இன்று, வழியில் நிற்கிற அந்நியனிடம் உதவி கேட்கிறவரைப்போல் மரியாதையாகக் கேட்டார்.

தியாகலிங்கம் போய் ஏணியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தான்.

அவர் ஏறினார். முதலில் 'மைதானம்' போனது. பிறகு 'நினைவு'. கனகலிங்கத்துக்கு வந்தபோது கை தாமதித்தது. தூரிகையை வாளியில் தோய்த்து, உதறி, திரும்பத் தோய்த்தார். பிறகு ஒரே இழுவையாக இழுத்தார். கறுப்பு மை மறைந்தது. ஆனால் எழுத்துகள் சீமெந்தில் புடைத்துச் செய்தவை. மேற்கே சாய்ந்த வெயிலில், வெள்ளைக்குள் வெள்ளையாக, ககரமும் னகரமும் ஒவ்வொன்றாக நிழல் காட்டிக்கொண்டு நின்றன. இரண்டாந் தரமும் பூசினார். மூன்றாந் தரமும் பூசினார். அவை மறையவில்லை.

"ஐயா, இறங்குங்கோ. கொத்தனைக் கொண்டு செதுக்கலாம்," என்றான் தியாகலிங்கம்.

மேலேயிருந்து சுண்ணாம்பு மட்டும் சொட்டுச் சொட்டாக அவன் தோளில் விழுந்தது. அண்ணாந்து பார்த்தான். ஐயா தூரிகையை வாளியில் வைத்துவிட்டு, ஈரமான எழுத்தின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையின் நெற்றியில் வைப்பது மாதிரி.

இறங்கிவந்ததும் சால்வையை எடுத்துக்கொண்டார்.

"பெரிய உபகாரம்," என்றார் மகனிடம். ஒழுங்கையால் நடந்தார்.

*

விளக்கு வைத்த நேரம் இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஊர் முழுக்கச் செய்தி பரவியிருந்தது. மீனாம்பிகையின் காதுக்கும் எட்டியிருந்தது. அவள் இரண்டு பேருடைய முகத்தையும் பார்க்காமல் பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தாள்.

"அவருக்கு வையும் முதலிலை," என்றார் பொன்னம்பலத்தார்.

"ஆருக்கு?"

"அவருக்குத்தான்." கை மகன் இருந்த பக்கம் காட்டியது. "களைச்சுப்போய் வந்திருக்கிறார்."

மீனாம்பிகையின் அகப்பை குழம்புச் சட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது. 'அவர்.' தான் பெற்ற பிள்ளையைத் தகப்பன் அவர் என்கிறார். அவள் தியாகலிங்கத்தைப் பார்த்தாள். அவன் பிட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சேட்டுத் தோளில் சுண்ணாம்புத் துளிகள் காய்ந்து வெடித்திருந்தன.

பொன்னம்பலத்தார் இரண்டு வாய் சாப்பிட்டார்.

"விடிய விசுவமடுவுக்குப் போறன். அங்கை குத்தகைக்குக் காணி இருக்குதாம். காடு வெட்டித்தான் செய்யவேணும். பரவாயில்லை."

"எப்ப திரும்பி வருவியள்?"

"திரும்பி வந்து?" கோபமில்லாமல்தான் கேட்டார். "அந்த ஒழுங்கையாலை போய்வர ஏலுமோ எனக்கு?"

"ஐயா..." என்றான் தியாகலிங்கம்.

"நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேயுங்கோ. உங்களுக்குக் கழகம் இருக்குது, விளையாட்டு இருக்குது. இளந்தாரியள். அதுகளைப் பாருங்கோ."

வெள்ளிக்கிழமை வரப்போகிற புதுக் கோல் கீப்பரைப் பற்றி இந்த இடத்தில் சொல்லலாம். சொன்னால் ஐயாவின் மனம் கொஞ்சம் இளகவுங்கூடும். தியாகலிங்கம் சொல்லவில்லை. தண்ணீரைக் குடித்தான்.

பொன்னம்பலத்தார் மனைவியின் பக்கம் திரும்பினார். அன்று முழுக்க இல்லாத ஒரு கனிவு அந்தக் குரலில் வந்தது.

"நீரும் வாரும், மீனாம்பிகை. எனக்கும் வயசு போயிட்டுது, தனிய ஏலாது. இந்த வீட்டிலை அவனை மறக்காமல் இருக்கிறது நீரும் நானும் மட்டுந்தான். அவன்ரை பேரைச் சொல்லிக் கதைக்க எனக்கு உம்மை விட்டால் இனி ஆர்?"

மீனாம்பிகை சட்டியைக் கீழே வைத்தாள். அவளுடைய முகம் மாறியதைத் தியாகலிங்கம் கண்டான். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று விளங்கியது. ஐயாவுக்குத் தெரியாமல் தலையை ஆட்டினான். வேண்டாம் அம்மா. என்னோடை போகட்டும். மகன் ஒருத்தன் துரோகம் செய்தான் என்று நினைத்துக்கொண்டு அவர் வாழ்ந்துவிடுவார். இதைக் கேட்டால்?

அம்மா அவனைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, சேலைத் தலைப்பால் கையை ஒரு விரல் மிச்சமில்லாமல் துடைத்தாள்.

"இஞ்சாருங்கோ," என்றாள்.

"சொல்லும்."

"பின்னேரம் தூக்கினது தியாகுவின்ரை கை இல்லை."

பொன்னம்பலத்தார் வாய்க்குக் கொண்டுபோன பிட்டைக் கோப்பையிலே திரும்ப வைத்தார்.